சனிக்கிழமை நரி

கேள்வி பாதியில் நிற்கும்போதே யோகேந்திரன் "வுய், வுய், மதாம்" என்று தலையாட்டி முடித்துவிடுவார். மிச்சக் கேள்வி பிறகு தனியாக வந்து சேரும். முட்டைத் தட்டுகளை எங்கே அடுக்குவது என்று கேட்டாலும் வுய். நேற்று ஏன் பின்கதவைப் பூட்டவில்லை என்று கேட்டாலும் வுய். பாவம், பிரெஞ்சு தெரியாத மனிதர் என்று இரக்கப்பட்டுவிட வேண்டாம். ஆங்கிலத்தில் யேஸ், சிங்களத்தில் ஒவ், தமிழில் ஓம். நாலு மொழியிலும் ஒரே விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பத்தேழு வயதுவரை வந்து சேர்ந்திருக்கிறார்.

பழக்கம் தொற்றியது தொண்ணூற்றாறில், மொன்றியலுக்கு வந்திறங்கிய முதல் கிழமை. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஏழு பேர் படுத்தெழும்பிய அறையில், முன்னரே வந்து பழுத்திருந்த பேரின்பநாயகம் என்பவர் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வரிதான் சொல்லுவார்: "வேலைக்குப் போற இடத்தில என்ன கேட்டாலும் தெரியும் எண்டு சொல்லு. தெரியாது எண்டனியோ, கதவைச் சாத்திப்போடுவாங்கள். பேந்து பழகலாம்." நம்முடைய சனத்தில் பாதிப்பேர் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நகரத்தில் கால் ஊன்றினார்கள். யோகேந்திரனும் ஊன்றினார், விழுந்தார், மறுபடி ஊன்றினார். பீட்சா போடத் தெரியும் என்று போய், முதல்நாள் மாவைக் கண்டதும் ரொட்டிக்குக் குழைக்கிற நினைப்பில் தேங்காய்ப்பூ தேடினார். கூரை வேலை தெரியும் என்று போய், ஒரு மாதம் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். "கூரையில ஏறத் தெரியுமோ எண்டு கேட்டாங்கள், ஓம் எண்டன். இறங்கத் தெரியுமோ எண்டு அவங்களும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை" என்று அந்தக் கதையை இன்றைக்கும் தன்னைத்தானே நக்கலடித்துச் சொல்லுவார். ஊரில் அவர் உண்மையிலேயே பார்த்த வேலை கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி நிறுத்துக் கொடுப்பது. அதை மட்டும் இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது பார்க்கிற வேலை கோழிப்பண்ணையில். மொன்றியலுக்கு அடுத்த லவாலின் கிழக்கு மூலையில், வீடுகள் இன்னும் முழுதாக விழுங்கி முடிக்காத பக்கம், மதாம் ஜினெத்துக்கு ஒரு துண்டு நிலமும் இருநூறு சிவப்புக் கோழிகளும் உண்டு. பகல் முழுக்கப் புல்லில் மேய்ந்து, பொழுதுபடக் கூட்டுக்குள் ஏறுகிற கோழிகள். மதாமுக்கு அறுபத்தெட்டு வயது. சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனுஷி. யோகேந்திரன் கிழமையில் நாலு நாள் பழைய கொரோலாவில் ஆற்றுப் பாலம் கடந்து போய், முட்டை பொறுக்கி, கழுவி, அடுக்கி, கூடு கழுவி வருவார். அந்த நாலு நாளில் சனிக்கிழமையும் ஒன்று. வந்த வினையெல்லாம் அந்தச் சனிக்கிழமையால் வந்தது.

போன வருடம் பங்குனியில் யோகேந்திரனுக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டது என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார். மனைவி இந்திராதேவி அன்றிலிருந்து பிடித்தாள். சனிதோறும் எள்ளெண்ணெய் எரிக்க வேண்டும், ஒருநேரச் சாப்பாடு, அதுவும் காகத்துக்கு வைத்த பிறகுதான். வீட்டு பல்கனியில் வைத்துப் பார்த்தார்கள். காகம் வரவில்லை, அணிலும் புறாவும் குடும்பத்தோடு வந்தன, பின்னாலேயே வீட்டுக்காரரின் கடிதமும் வந்தது. "பண்ணையில காகம் நிக்கும்தானே? அங்க கொண்டுபோய் வையுங்கோவன்" என்றாள். "ஓம்" என்றார். வேறு என்ன சொல்லுவார்!

பண்ணைக் கொட்டிலுக்குப் பின்னால், அப்பிள் மரத்தடியில், தட்டையான ஒரு கல் கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, நெய்யும் பருப்பும் விட்டுக் குழைத்த சோறும் ஒரு பொரித்த அப்பளமும் வைத்து, "கா... கா..." என்று நாலு தரம் கூப்பிட்டுக் கும்பிட்டுவிட்டு, மற்றப் பக்கம் போய்த் தன் சாப்பாட்டைச் சாப்பிடுவார். மாலையில் வந்து பார்த்தால் கல் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். "காகம் சாப்பிட்டதோ?" என்று இந்திராதேவி இரவு கேட்பாள். "ஓம், வடிவாச் சாப்பிட்டுது."

அந்தக் கோடையில்தான் கோழிகள் காணாமற்போகத் தொடங்கின. ஒன்று, பிறகு ஒன்று, ஒருநாள் இரண்டு. மதாம் கலண்டரில் சிவப்பால் குறித்துக்கொண்டு வந்தாள். குறித்ததெல்லாம் சனிக்கிழமைகள். யோகேந்திரன் அதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார். சனியன் என்னைப் பிடித்தது காணாதென்று என்னை வைத்திருக்கிற பாவத்துக்கு இந்த மனுஷியையும் பிடிக்கிறானே என்று வீட்டில் வந்து புலம்பினார். இந்திராதேவி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப பரிகாரம் காணாதப்பா" என்றாள். அடுத்த கிழமையிலிருந்து சோறு இரண்டு மடங்கு, நெய் இரண்டு கரண்டி, அப்பளம் மூன்று. கோழிகளும் அந்தக் கணக்கிலேயே குறைந்தன.

நரிதான் என்பது மதாமுக்குத் தெரியும். வேலியில் செம்மயிர் கண்டிருக்கிறாள். பொறி வைக்கிறவனைக் கூப்பிட அவளுக்கு மனமில்லை. "கொல்ல வேண்டாம், விரட்டினால் போதும்" என்பது அவள் கட்சி. இந்த வருடம் வைகாசியில் ஒன்ராறியோவில் இருக்கும் அவளுடைய மச்சான் முறையான ஒருவன் ஒரு நாயைக் கொண்டுவந்து இறக்கினான். லேர்ச்சர் என்று ஒரு கலப்பு. தாய் பந்தயத்தில் ஓடுகிற கிரேஹவுண்ட், தகப்பன் செம்மறி மேய்க்கிற ஏதோ சடையன். ஒரு வயதுதான். உடம்பு முழுக்கக் காலும் விலாவும். சாம்பல் மயிர் தும்புத் துடைப்பம்போல் நின்றது. ஒழுங்காகப் பழக்கினால் நரி இந்தத் திசைக்கே தலைவைத்துப் படுக்காது என்றான் மச்சான். மதாம் யோகேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"உங்கள் நாட்டில் வேட்டை நாய் பழக்கி..."

"வுய், வுய், மதாம்."

நாய் என்றால் பத்தடி தள்ளி நடக்கிற மனிதர். சங்கக்கடைக்குப் போகிற வழியில் ஒரு வெள்ளை நாய்க்குப் பயந்து ஆறு வருடம் சுற்றுப்பாதையில் சைக்கிள் ஓட்டியவர்.

மதாம் நாய்க்குக் கஸ்தோன் என்று பெயர் வைத்தாள். யோகேந்திரனுக்கு அது வாய்க்குள் வரவில்லை; வீமன் என்றார். வயிறு முதுகோடு ஒட்டிய பிராணிக்கு வைக்கிற பெயர்தான்! நாய் இரண்டு பெயருக்கும் சமமாகக் காது கொடுக்காமல் இருந்தது. முதல் கிழமை அவர் கயிற்றின் இந்த நுனியிலும் அது அந்த நுனியிலும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கழித்தார்கள். அடித்துப் பழக்கலாமா என்று இந்திராதேவியிடம் கேட்டார். "அடியோ? வைரவற்ற வாகனமல்லோ அது! இருக்கிற சனி காணாதெண்டு வைரவரோடயும் கொளுவப்போறியளோ?" அத்தோடு தடி எடுக்கும் யோசனை முடிந்தது.

பிறகு ரெலிபோனில் காணொளிகள் பார்த்தார். இங்கிலாந்தில் ஒரு தொப்பிக்காரக் கிழவன் இதே சாதி நாய்களைப் பழக்குகிறான். "அந்த மனுசன் வாயைத் திறக்காமலே கதைக்கிறான், எனக்கு நாய் குரைக்கிறது மட்டுந்தான் விளங்குது" என்பார். ஆனாலும் கிழவனின் கையைப் பார்த்துப் பார்த்துச் சிலதைப் பிடித்துக்கொண்டார். கோழிக்கூட்டத்துக்கு நடுவே நாயைக் கயிற்றோடு கொண்டுபோய் உட்கார்த்த வேண்டும். கோழி காலுக்குள்ளால் ஓடினாலும் அது அசையக் கூடாது. அசையாமல் இருந்தால் வெடித்த முட்டை அவித்துப் பாதி. "இரு" என்பதுதான் சொல். விசில் ஊதினால் எங்கே நின்றாலும் திரும்பி வர வேண்டும். வந்தால் மற்றப் பாதி. ஆடி முடிவதற்குள் வீமன் இந்த இரண்டிலும் புலியாகிவிட்டது. யோகேந்திரன் "இரு" என்றால் முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி உட்காரும். ஒருநாள் ஒரு கோழி அதன் முதுகில் ஏறி நின்று இறகு கோதியது. நாய் கண்ணை மட்டும் உருட்டி அவரைப் பார்த்தது. மதாம்கூட அன்றைக்குச் சிரித்தாள்.

சனிக்கிழமைகளில் காகப் பாடம். காகத்தைத் துரத்தினால் பாவம் சும்மா விடாதே! கல்லில் சோற்றை வைத்துவிட்டு வீமனைப் பக்கத்தில் உட்கார்த்தி, "அவையள் சாப்பிடட்டும். நீ இரு. வாய் வைக்கப்படாது, குரைக்கப்படாது, விளங்கிச்சோ?" என்பார். விளங்கியது. காகங்கள் கொத்தித் தின்ன, ஒரு சாண் தூரத்தில் நாய் கோயில் வாசல் சிலைபோல் இருந்தது.

துரத்துகிற பாடம்தான் ஏறவில்லை. இந்திராதேவியின் பழைய மண்ணிறச் சால்வையைச் சுருட்டி வைக்கோல் அடைத்து, வாலும் தைத்து, கயிற்றில் கட்டி நரி என்றார். இழுத்தார். நாய் பார்த்துக்கொண்டிருந்தது. வேகமாக இழுத்தார். நாய் கொட்டாவி விட்டது. கடைசியில் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு தானே புல்வெளியைச் சுற்றி ஓடினார். மூன்றாவது சுற்றில் வீமன் எழும்பி வந்து, அவருக்கு என்ன ஆனதோ என்று பயந்ததுபோல் பக்கத்திலேயே மெல்ல நடந்து வந்தது. மூச்சு வாங்கிக் கீழே இருந்தவரின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. யோகேந்திரன் அன்றைக்கு நாயின் காதைத் தடவினார். அதற்குப் பிறகு பயம் இல்லை. பயம் போன இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது. புதன்கிழமைகளில் வேலை இல்லை. புதன்கிழமைகளில் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

"எப்படிப் போகிறது? துரத்துகிறானா?" என்று மதாம் கேட்டாள்.

"வுய், வுய், மதாம்."

கோழிகள் போய்க்கொண்டே இருந்தன. புரட்டாதி மூன்றாம் சனி முடிந்த திங்கட்கிழமை காலை, யோகேந்திரன் காரை நிறுத்தி இறங்குவதற்குள் மதாம் வாசலில் நின்று கூப்பிட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் குசினி மேசையில் இருக்கச் சொன்னாள். கதவோரத்தில் நாயின் கம்பளி மடித்து வைத்திருந்தது. மதாம் அப்பிள் மரத்தில் ஒரு சின்னக் கமரா கட்டியிருந்தாளாம். அது தன்பாட்டில் எல்லாம் பிடிக்குமாம். மேசையில் இருந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

முதலில் வந்தது அவர்தான். திரையில் தன்னைப் பார்க்க, வயிறு இவ்வளவு தள்ளியா இருக்கிறது என்று வெட்கமாக இருந்தது. குந்தியிருந்து கல்லைத் துடைத்தார், சோறு வைத்தார், அப்பளத்தை ஒரு கோணத்தில் சாய்த்து அழகு பார்த்தார், வாயைக் குவித்துக் கூப்பிட்டார், கும்பிட்டார், போய்விட்டார். பக்கத்தில் வீமன் உட்கார்ந்திருந்தது. இரண்டு காகம் வந்து, கொஞ்சம் கொத்திவிட்டுப் போயின. பிறகு கொஞ்ச நேரம் காற்று மட்டும். மூன்று பத்துக்கு இடப்பக்க வேலிக்குள்ளால் நரி வந்தது.

அவசரமில்லாமல் வந்தது. வழி தெரிந்த வீட்டுக்கு வருகிறவர்கள் வருகிற மாதிரி வந்தது. நாய் அரைவாசி எழும்பியது. நரி கல்லுக்கு முன்னால் நின்று சோற்றில் வாய் வைத்தது. அவ்வளவுதான், வீமன் திரும்ப உட்கார்ந்துவிட்டது. முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி. நரி நெய்ச்சோற்றை ஆற அமரத் தின்று, அப்பளத்தை நொறுக்கி, கல்லை நக்கி, வாயைத் துடைத்துக்கொண்டு கோழிப்பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்புக் கோழியோடு அதே வழியால் திரும்பிப் போனது. வீமன் அசையவில்லை. சொல்லிக் கொடுத்ததில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

நரிமுகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்று ஊரில் சொல்லுவார்கள். திங்கட்கிழமை காலை, வேலைக்கு வந்த கையோடு, யோகேந்திரன் அதைத் திரை நிறையப் பார்த்தார்.

மதாம் திரையை அணைத்தாள். "அடுத்த திங்கள் விடுமுறைக்கு மச்சான் வருவான். நாயைக் கொண்டுபோகட்டும். செவ்வாய்க்கிழமை பொறிக்காரனைக் கூப்பிடப் போகிறேன், நம்பர் எடுத்துவிட்டேன். இது மூளையில்லாத நாய், இல்லையா?"

வாய் தானாகவே குவிந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பழகிய வாய். வுய் என்று ஒன்றைச் சொன்னால் போதும்; நாய்மேல் பழி, இவர் கோழிக்கூட்டைக் கழுவப் போகலாம், ஒருவரும் இன்னொரு கேள்வி கேட்கப் போவதில்லை. கதவோரத்துக் கம்பளியைப் பார்த்தார். அதில் சாம்பல் மயிர் ஒட்டியிருந்தது.

"நோ" என்றார். சொன்னது தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தரம் சொன்னார். "நோ, மதாம். நாய் மூளை நல்லம். மூளை இல்லாதது நான்."

பிறகு வந்தது பாதிப் பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மிச்சம் கைவீச்சு. காகம், சனி, ஐயர், மனைவி, நெய். மதாம் குறுக்கே கேட்டாள்: சனிதோறும்? வுய். போன வருடத்திலிருந்தா? வுய். அவள் எழும்பிப் போய்ப் போன வருடத்துக் கலண்டரை எடுத்து வந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்பார்கள். இங்கே நரி கேட்கவுமில்லை, இவராகவே இலை போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்.

"வேட்டை நாய்?" என்றாள் மதாம். "உங்கள் நாட்டில்?"

"நோ. சீனி. கடையில் சீனி நிறுத்தது."

மதாம் கலண்டரை மூடி வைத்தாள். "எனக்கு முதலே சந்தேகம்தான்" என்றாள் கடைசியில். "கேள்வியைக் கேட்காமலே விடை சொல்லுகிற மனிதர் நீங்கள் ஒருவர்தான்." கம்பளியை எடுத்து, நாயோடு அனுப்புவதற்கென்று தன் வாகனத்தின் பின்சீற்றில் போட்டாள். சனிக்கிழமைவரை தவணை. அன்றைக்கு நாய் நரியைத் துரத்த வேண்டும். துரத்தாவிட்டால் திங்கள் மச்சான், செவ்வாய் பொறி.

வீட்டில் இந்திராதேவி கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு கரண்டியைக் கீழே போட்டாள். "அப்ப ஒண்டரை வருசமா நான் நரிக்கோ நெய் விட்டனான்? ஒவ்வொரு சனியும் காகம் சாப்பிட்டதோ எண்டு கேட்டனானல்லோ?"

"கேட்டனீர்தான்."

"ஓம் எண்டு சொன்னியளல்லோ!"

"கல்லில சோறு இல்லை. அப்ப ஓம்தானே?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னைக் கட்டுறியளோ எண்டு கேக்கேக்கையும் உப்பிடித்தான் ஓம் எண்டனீங்களோ?" யோகேந்திரன் குனிந்து கரண்டியை எடுத்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் அதைவிடப் புத்தியான காரியம் வேறில்லை.

இரவு படுக்கையில் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தனக்குத்தானே கதைத்தார். "எனக்குத் தெரிஞ்சது ரெண்டு. ஒண்டு ஓம் எண்டுறது. மற்றது அசையாமல் இருக்கிறது. அதைத்தான் அவனுக்கும் படிப்பிச்சு வைச்சிருக்கிறன். துரத்திறது எப்பிடி எண்டு படிப்பிக்க, நான் ஒருநாளாவது ஆரையும் துரத்தியிருந்தால்தானே?" பக்கத்தில் இந்திராதேவியும் நித்திரையில்லை.

சனிக்கிழமை அவள் வழக்கம்போல் சோறு கட்டினாள். "விரதம் விரதம்தான். நரி காணாத இடமாப் பாத்து வையுங்கோ." யோகேந்திரன் டப்பாவைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டினார். காகத்துக்கு வைக்கவில்லை, தானும் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு அப்பிள் மரத்தடிக்கு வந்து, வெறும் கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்த முட்டைப் பெட்டியில் உட்கார்ந்தார். வீமனும் வந்து, ஒருவரும் சொல்லாமலே, முன்னங்கால்களைச் சேர்த்து ஊன்றிக்கொண்டது. மதாம் குசினி ஜன்னலில் நின்றாள்.

மூன்று பத்துக்கு நரி வந்தது. நேரம் தவறாத விருந்தாளி. கல்லை மோந்து பார்த்தது. சுற்றி வந்து மறுபடி மோந்தது. பிறகு தலையைத் தூக்கி யோகேந்திரனைப் பார்த்த பார்வையில் பயம் மருந்துக்கும் இல்லை; பந்தியில் இருந்தவன் பரிமாறுகிறவனைப் பார்க்கிற பார்வை.

"வீமா, பிடி" என்றார் மெல்ல. நாய் காதை ஆட்டியது. "ஓடு. துரத்து. போடா ராசா." நாய் அவரைப் பார்த்தது, நரியைப் பார்த்தது, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இப்போது அவித்த முட்டை வரும் என்று அது நம்பியது. நரி கல்லை விட்டுவிட்டு, கோழிகள் மேய்ந்த பக்கம் திரும்பி நடந்தது.

பின்சீற்றில் கிடந்த கம்பளி யோகேந்திரனின் கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவரைக் கேட்டால் அவருக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. எழும்பினார், அவ்வளவுதான். "டேய்! என்ர கோழியடா! நில்லடா டேய்!" என்று, கூரையிலிருந்து விழுந்த அன்றைக்குக்கூட வராத ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. ரப்பர் சப்பாத்தோடு ஓடினார். நரி திடுக்கிட்டுத் திரும்பியது. கோழிகள் கத்திக்கொண்டு பறந்தன. சேற்றில் ஒரு சப்பாத்து கழன்று நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. கையிரண்டையும் விரித்துக்கொண்டு, ஒரு கால் சப்பாத்திலும் ஒரு கால் வெறும் காலுறையிலுமாக, ஐம்பத்தேழு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

பக்கத்தால் ஏதோ கடந்து போனது. காற்றுத்தான் முகத்தில் அடித்தது. வீமன் என்று அவர் உணர்ந்தபோது அது அவருக்கு முன்னால் நாற்பது முழத்தில் போய்க்கொண்டிருந்தது. ஐந்து மாதமாகக் கொட்டாவி விட்ட நாயா அது! முதுகு வளைந்து விரிய, கால் நிலத்தில் பட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. நரி முழு வயலையும் குறுக்கே வெட்டி ஓடியது; வேலிக்குக் கீழால் புகுந்து, வாய்க்காலைத் தாண்டி, சோளத்தட்டைகளுக்குள் மறைந்தது. நாயின் வாய்க்கும் நரியின் வாலுக்கும் நடுவே ஒரு கைதான் இடைவெளி இருந்தது. யோகேந்திரன் முழங்காலில் விழுந்து, விசிலைத் தேடி ஊதினார். வாய்க்கால் கரையில் வீமன் நின்றது, திரும்பியது, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடி வந்து அவர் மேலேயே விழுந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை, மதாம் வந்துவிட்டாள்.

வாகனத்திலிருந்து எடுத்த கம்பளி கையில் இருந்தது. "அடுத்த சனிக்கிழமையும் ஓடுவானா?"

கேள்வியை முழுவதும் கேட்டார். கடைசிச் சொல்வரை. பிறகும் கொஞ்சம் யோசித்தார்.

"ஜு ஸே பா, மதாம்" என்றார். தெரியாது.

மதாம் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய சிக்கனமான சிரிப்பில் ஒன்று வந்தது. கொட்டிலுக்குப் போய், கம்பளியை உதறி, நாய் வழக்கமாகப் படுக்கிற மூலையில் விரித்தாள். பொறிக்காரனின் நம்பர் எழுதிய துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சேற்றில் நின்ற சப்பாத்தைக் கையால் காட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

சப்பாத்தைப் பிறகு எடுக்கலாம் என்று விட்டார். பசி குடலைப் பிடுங்கியது. காரிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்து இருந்தார். வானத்தைப் பார்த்தார், போட்ட கூச்சலில் ஒரு காகமும் மிச்சமில்லை. மூடியைத் திறந்து, உறைந்த நெய்யைக் கையால் பிசைந்து, முதல் பிடியை எடுத்தார். கல்லில் வைக்கவில்லை. வீமனுக்கு முன்னால், புல்லில் வைத்தார். நாய் அவர் முகத்தைப் பார்த்தது. "சாப்பிடு ராசா" என்றார். அது குனிந்து தின்னத் தொடங்கியது. யோகேந்திரன் தன் சோற்றில் கை வைக்காமல், கால் இரண்டையும் சேர்த்து ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, அது கடைசிப் பருக்கையை நக்கி முடிக்கும்வரை அசையாமல் இருந்தார்.